காய்ந்த செயின்

மோட்டார் சைக்கிள் ரிப்பேர் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வேலையை ஒழுங்காகச் செய்தால் வண்டி சீக்கிரம் திரும்பி வராது.

பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் பதினேழு வருஷம் லாரி கழற்றி மாட்டினேன். பென்ஷன் வாங்கியபின் சொந்த ஊரான வேலூருக்குப் போகவில்லை. டெல்லியிலேயே, புசா ரோட்டிலிருந்து கரோல் பாக் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் கடை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வயது அறுபத்தெட்டு. ஸ்போர்ட்ஸ் வண்டிகள்தான் அதிகம் வரும். அதிலும் செயின், ஸ்ப்ராக்கெட் வேலை. ஸ்ப்ராக்கெட் என்றால் பல் சக்கரம். எஞ்சின் பக்கம் சின்னதாக ஒன்று, பின்சக்கரத்தில் பெரிதாக ஒன்று, இரண்டையும் சேர்ப்பது செயின். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

கடைக்கு வந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அதில் ஒரு வண்டிக்காக மட்டும் நான்கு வருஷம் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளுடைய வண்டி. வண்டி வரும், அவள் வரமாட்டாள். உங்கள் வீட்டிலும் இப்படிப் பேச்சு நின்றுபோன ஆள் யாராவது இருந்தால், நான் விளக்க வேண்டியதில்லை.

எஞ்சின் சத்தம்

லக்ஷ்மிபாய் நகர்க் குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் வந்தார். லோதி ரோட்டில் ஆபீஸ். ஐம்பதை நெருங்கிய வயதில் ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கியிருந்தார். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது. "எஞ்சின் போயிடுச்சு சார், டக்கு டக்குன்னு அடிக்குது" என்றார். முகம், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

நான் எஞ்சினைத் தொடவே இல்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். பின்பல்சக்கரத்தின் கடைசிப் புள்ளியில் செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நல்ல செயின் என்றால் அசையாது. இது எழும்பி வந்து பாதிப் பல்லைக் காட்டியது. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, கொக்கி கொக்கியாக வளைந்திருந்தது. "கடைசியா எப்ப சார் செயினுக்கு எண்ணெய் போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எண்ணெயா? அதெல்லாம் கம்பெனியிலேயே போட்டுத் தந்திருப்பாங்கன்னு நெனச்சேன் சார்."

ஒற்றைச் செருப்பு

என் கடையில் ஒரு சட்டம். மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். செயின், முன்பல்லு, பின்பல்லு. பழைய செயின் நீண்டுபோயிருக்கும். அதைக் கொண்டுபோய்ப் புதுப் பல்லில் மாட்டினால் மூன்றே மாதத்தில் புதுப் பல்லையும் கடித்துத் தின்றுவிடும். இதை ஒரு தகரத்தில் ஹிந்தியில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை.

ஒரு வக்கீல் வந்தார். தீஸ் ஹஸாரி கோர்ட்டில் பிராக்டீஸ். வாதாடாமல் விடுவாரா? பின்னால் இருப்பது மட்டும்தானே தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்று என்றார். முடியாது என்றேன். "அங்கிள் ஜி, ஒரு செருப்பு அறுந்தா ரெண்டு செருப்பையுமா தூக்கிப் போடுவீங்க?" என்றார். "ஒத்தைச் செருப்பு எந்தக் கடையில விக்கிறான், சொல்லுங்க, நானும் வாங்கறேன்" என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். கோபமாகப் போனார். ஒரு மணி நேரத்தில் அதே வண்டி, அதே ஆள், வாசலில். என்ன என்று கேட்டேன்.

"வேற மூணு கடையில கேட்டேன் அங்கிள் ஜி. மூணு பேரும் உடனே மாத்தித் தரேன்னாங்க, அதான் பயமாயிடுச்சு."

இரண்டு வாக்கியம்

இப்போது என் மகள். பெயர் தேன்மொழி. வீட்டில் தேனு. டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். பாதி தமிழ், பாதி ஹிந்தி. சொந்தச் சம்பளத்தில் நீல நிற ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கினாள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ஊரே கேட்டது. நான் கேட்கவில்லை. செயின் இழுவை, அதாவது அதன் தொய்வு, அதை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தேன். பிறகு கல்யாணம் ஆகி, டெல்லியை அடுத்த குர்காவ் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். பின்சீட்டில் ஒரு பை கட்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் வீங்கியிருந்தது. நான் அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தேன். "செயின் காஞ்சு கிடக்கு" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்.

அவள் நின்றபடியே சொன்னாள். அந்த ஆளோடு இனி இருக்க முடியாது என்று. ஏன் என்றும் சொன்னாள், அது இங்கே வேண்டாம். யோசிக்காமல் இரண்டாவது வாக்கியம் வந்தது: "நாளைக்குத் திரும்பிப் போயிடு." அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். அவனிடமும் போகவில்லை, எங்களிடமும் வரவில்லை. குர்காவிலேயே தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பும்போது சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

"நாளைக்கு எதுக்குப்பா? இன்னிக்கே போறேன்."

மேடத்தோட வண்டி

ஏழு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, நீல வண்டி சந்துக்குள் திரும்பியது. கண்ணால் பார்க்கும் முன்பே சத்தத்தில் தெரிந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வண்டியில் இருந்தது டர்பன் கட்டிய ஒரு ஆள். நாற்பது வயது இருக்கும். பெயர் குர்மீத். தேனு ஆபீசில் கார்களைக் கவனித்துக்கொள்பவர். "மேடத்தோட வண்டி அங்கிள் ஜி, சத்தம் வருது" என்றார். "எந்த மேடம்?" என்றேன், தெரியாதவன் மாதிரி. "உங்க பொண்ணு மேடம்தான், வேற எந்த மேடம்?" என்றார்.

திறந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் நானே மாட்டிக் கொடுத்த செட். இருபதாயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டியது, பாதியில் செத்துப் போயிருந்தது. பின்பல்லில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்து, முனை எல்லாம் கூராக முன்னால் சாய்ந்து நின்றது. எண்ணெய் போடாததால் மட்டும் இப்படி ஆகாது. ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்த நொடியில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி எடுக்கிறவர்களுக்குத்தான் இப்படித் தேயும். இருபது வயதுப் பையன்கள் முறுக்குவது வேறு காரணம். இவள் முறுக்கியது என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். அந்த ஏழு மாதம் அவள் எப்படி இருந்தாள் என்பதைப் பல்லுப் பல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்றையும் மாற்றினேன். குர்மீத் டீ குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டுன பழசை ஏன் அங்கிள் ஜி பேப்பர்ல சுத்தி அலமாரியில வைக்கிறீங்க? கபாடிவாலா வந்தா பழைய இரும்புக்குப் போட்டுடலாமே."

கடுகெண்ணெய்

அதன்பின் குர்மீத் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவார். செயின் இழுவை சரிபார்க்க, எண்ணெய் போட. மற்ற நாளெல்லாம் மற்றவர்கள் வண்டி. மனம் சந்து முனையில், கை இங்கே. இந்த நிலைமையில்தான் ஒருவர் வந்தார். ரோஹிணி ஏரியாவிலிருந்து. செயின் முழுக்கக் கறுப்பாக ஒரு அங்குலத்துக்கு அப்பம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். கடுகெண்ணெய். டெல்லித் தூசியும் அதுவும் கலந்து உப்புத்தாள் மாதிரி பல்லை அறுத்துத் தள்ளியிருந்தது. யார் ஐயா இதை ஊற்றச் சொன்னது என்று கத்தினேன். அந்த மனுஷன் கோபப்படவே இல்லை, பணிவாகச் சொன்னார்.

"எங்கம்மாதான். தலைமுடிக்கும் நல்லது, முட்டிக்கும் நல்லது, செயினை மட்டும் என்ன பண்ணிடப் போகுதுன்னாங்க."

பல்லைப் படிப்பது

கைரேகை பார்ப்பவனை நான் நம்பமாட்டேன். ஆனால் பல்லு பொய் சொல்லாது. பல்லின் முன்பக்கம் மட்டும் தேய்ந்தால், வேகம். பின்பக்கமும் தேய்ந்தால், மலை இறக்கத்தில் கியரைப் போட்டு எஞ்சினால் வண்டியைப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் தேய்ந்தால் சக்கரம் கோணல். அவள் ஒரு வார்த்தை எழுதி அனுப்பியதில்லை, நானும் கேட்டனுப்பியதில்லை. இரண்டாவது வருஷம் பல்லின் இரண்டு பக்கமும் பளபளவென்று இருந்தது. மலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அன்று இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வருஷம் மழைக்காலம் முடிந்து வண்டி வந்தது. செயின் கணுவெல்லாம் செந்நிறத் துரு. சில கணு மடங்கவே இல்லை. ஒன்றரை மாதமாவது அசையாமல் நின்ற வண்டி. தினம் ஓட்டுகிறவள் ஏன் நிறுத்தினாள்? குர்மீத்திடம் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார், மேடத்துக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், இப்போது பரவாயில்லை என்று. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி செல்வி சமையலறையில் இருந்தாள். அவள் மகளோடு தினமும் போனில் பேசுகிறவள். நான் ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்து ஒட்டுக்கேட்பேன், இருவருக்கும் தெரியாது என்ற நினைப்பில். காய்ச்சல் விஷயத்தை மட்டும் நான் கடையில் இருக்கும் நேரத்தில் பேசியிருக்கிறாள், குர்காவ் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் அக்கா வீட்டுக்குப் போவதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். "புள்ளை படுத்துக் கிடந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"நீங்க கேக்கல, நான் சொல்லல."

நான் செய்த வேலை

நான்காவது வருஷம். இப்போது தேனு வண்டியை அருமையாக ஓட்டுகிறாள் என்று தெரிந்தது. செயினுக்கு அவளே எண்ணெய் போட்டுக்கொள்கிறாள், இழுவையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். அதனால் என்ன ஆனது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த வண்டி ஆறு மாதம் ஆனது, பிறகு பதினொரு மாதம். மகள் நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டியவன், வண்டி வரவில்லையே என்று சந்து முனையில் போய் நிற்கிறேன். உங்களில் சிலர் சிரிக்கலாம். சிலர் சிரிக்கமாட்டீர்கள்.

ஒருவழியாக வந்தது. பின்பல்லு சீராக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்து முடிந்திருந்தது. அப்படி ஒரு தேய்மானத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. முறைப்படி மூன்றையும் மாற்ற வேண்டும். மாற்றினால் அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இரண்டு வருஷம் தாங்கும். இரண்டு வருஷம் என்றால் எனக்கு எழுபது.

பின்பல்லை மட்டும் மாற்றினேன். பழைய செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிப் புதுசு மாதிரி மினுக்கி, திரும்ப மாட்டினேன். முன்பல்லைத் தொடவில்லை, மூடியைப் போட்டு மூடிவிட்டேன். இத்தனை வருஷத்தில் எந்த முட்டாளுக்கும் நான் செய்யாத வேலை. "மூணு மாசத்துல கொண்டு வா" என்றேன் குர்மீத்திடம். "ஏன் அங்கிள் ஜி, இப்பத்தானே மாத்துனீங்க?" என்றார். நான் குனிந்து, கையிலேயே இருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் தேடினேன்.

"அச்சா, மேடம் கேட்டா, அங்கிள் ஜி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிடறேன்."

ஸ்பிதி

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். செல்வி போனில் "ஸ்பிதிக்கா? தனியாவா? எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அவளே சொன்னாள். சனிக்கிழமை கிளம்புகிறாள், ஒன்பது நாள், தனியாக. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். ஸ்பிதி இமயமலைக்குள் இருக்கிறது. கல்லும் மண்ணும்தான் ரோடு, மணிக்கணக்கில் போனாலும் ஒரு கடை வராது. ஏற்றத்தில் பழைய செயின் புதுப் பல்லைத் தாண்டிக் குதிக்கும். அறுந்தால் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

"அந்த வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லு" என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். செய்ததை மறைக்காமல் சொன்னேன். செல்வி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நாலு வருஷம் நான் நடுவுல நின்னது போதுங்க. வேணும்னா நம்பர் போட்டுத் தரேன், பேசறது நீங்கதான்."

கரோல் பாக் வரை

மணி அடித்தது. "சொல்லும்மா" என்றாள் தேனு. அம்மா நம்பர் அல்லவா. நான் என்னென்னவோ யோசித்துவைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்: "செயின்..." "அப்பா?" என்றாள்.

வேகமாகச் சொல்லி முடித்தேன். "பின்னாடி மட்டும்தான் மாத்தினேன். செயின் பழசு. முன்னாடியும் பழசு. வேணும்னேதான் பண்ணேன். சீக்கிரம் தேயும், சீக்கிரம் வண்டி வரும்னு. அதை எடுத்துட்டு மலைக்குப் போவாத." "தெரியும்ப்பா" என்றாள். "குர்மீத் பாயி கொண்டுவந்து விட்ட அன்னிக்கே கேட்டுச்சு. புது செட்டு இப்படியா சத்தம் போடும்? உங்க கடையில வளந்தவதானே நான்." தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். "நீங்க கூப்பிடறீங்களான்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துட்டு இங்கயே மாத்தியிருப்பேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பழக்கம். "அங்கயே மாத்தறதுன்னா நாலு வருஷமா அவ்ளோ தூரம் எதுக்கு இங்க அனுப்பினே?" என்றேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவள் திருப்பிக் கேட்டாள்.

"குர்காவ்லேந்து கரோல் பாக் வரைக்கும் வழியில எத்தனை பைக் மிஸ்திரி கடை இருக்கு, ஒரு தடவையாவது எண்ணிப் பாத்திருக்கீங்களாப்பா?"

மூன்றும்

வெள்ளிக்கிழமை காலை வந்தாள். சந்து முனையில் திரும்பும்போதே அந்தச் செயின் சத்தம் கேட்டது. என் கைவேலை. கேட்க நாராசமாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். முன்நெற்றியில் இரண்டு மூன்று நரை. வா என்று நான் சொல்லவில்லை. புதுச் செட்டைப் பேப்பர் விரித்துத் தயாராக அடுக்கி வைத்திருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டாள். கஸ்டமர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஒன்றரை மணி நேர வேலை. நான் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து அலமாரியைத் துழாவினாள். பேப்பர் சுற்றிய பழைய பல்சக்கரத்தை எடுத்துப் பிரித்தாள். அந்த முதல் ஏழு மாதம். கூரான ஒரு பல்லின்மேல் விரலை வைத்தாள். மறுபடி சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

செயின் இழுவையை, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும். "உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். செயினுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் லூஸ் விடுங்கப்பா, பின்னாடி சாமான் கட்டுவேன்" என்றாள். சரிதான். பாரம் ஏறினால் செயின் இறுகும், முதலிலேயே இறுக்கினால் அறும். தளர்த்தினேன். பின்சக்கர நட்டை இறுக்கக் குனிந்தேன். முகம் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"எது?" என்றாள்.

"ரெண்டாவது."

சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டேன். புதுச் செயின் சத்தமில்லாமல் ஓடியது. அவள் வண்டியிலிருந்து இறங்காமல், என் தலைக்கு மேலேயிருந்து சொன்னாள்.

"மொதல்ல சொன்னது சரிதான்ப்பா. செயின் காஞ்சுதான் இருந்துச்சு."

ஸ்பிதி போய் நல்லபடியாகத் திரும்பிவிட்டாள்; இந்தத் தடவை வேலையை ஒழுங்காகச் செய்து தொலைத்ததால் இரண்டு வருஷத்துக்கு அந்த வண்டிக்கு என்னிடம் ஒரு வேலையும் கிடையாது, ஆள் மட்டுமாவது வருகிறாளா என்று இப்போதும் அதே சந்து முனையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.